ஒஷாவாவில் மூன்று டீக்கிகளின் அடியைப் பார்த்தேன்

போன ஒக்டோபர் மாதம் மூன்றாவது சனிக்கிழமை, ரொறன்ரோவில் நான் இருக்கும் மோர்னிங்சைட்டிலிருந்து ஒஷாவாவுக்கு ஓர் அரைநாள் பயணம் போய்வந்தேன். இலை நிறம் மாறுவதைப் பார்க்கப் போகவில்லை. மரத்தில் கையால் செதுக்கிய மூன்று டீக்கிச் சிலைகளை வாங்கி விற்றால் லாபம் வருமா என்று பார்க்கப் போனேன். இன்னும் சரியாகச் சொன்னால், கிருபன் என்னை ஏமாற்றுகிறானா என்று பார்க்கப் போனேன்.

டீக்கி தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பசிபிக் தீவுகளில் முன்னோருக்காகவும் தெய்வங்களுக்காகவும் மரத்திலும் கல்லிலும் செதுக்குகிற உருவம் அது. அங்கே அது மரியாதைக்குரிய விஷயம். வட அமெரிக்காவில் அதைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் மதுச்சாலை வாசலிலும் பின்வளவு நீச்சல் குளத்தடியிலும் அலங்காரமாக வைக்கத் தொடங்கினார்கள். பெரிய கண், அகன்ற வாய், வரிசையாகப் பல். எங்கள் கோயில்களில் திருவிழாவுக்கு எடுக்கிற பூத வாகனத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அவ்வளவு பயம் வராது.

கிருபனை எனக்கு முப்பது வருடத்துக்கு மேலாகத் தெரியும். ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் ஒரே அப்பார்ட்மென்டில் இருந்தவர்கள் நாங்கள். இப்போது அஜின்கோர்ட்டில் இருக்கிறான், குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறான். அவன் வாழ்க்கையில் ஒரு சிலை வாங்கியதை நான் கண்டதில்லை. அப்படிப்பட்டவன் ஒரு புதன்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மச்சான், ஒஷாவாவில மூண்டு டீக்கி நிக்குது. மூண்டுக்கும் சேர்த்துக் கடைக்காரி தொள்ளாயிரத்து அறுபது கேக்கிறா. எடோபிக்கோவில ஒருத்தர் பேஸ்மென்ற்ல பார் வச்சிருக்கிறார், ஒண்டுக்கு ஆயிரம் குடுப்பாராம். பாதிப் பாதி போடுவமோ?"

என் பங்கு 480 டொலர். அதைப் போட்டால் ஆயிரத்து ஐந்நூறு வரும் என்கிறான். இப்படி ஒரு லாபம் கண்ணுக்கு முன்னால் நின்றால் எவனாவது பங்காளி தேடுவானா? எடோபிக்கோக்காரர் தானே ஒரு மணித்தியாலம் கார் ஓட்டிப் போய் வாங்கக் கூடாதா? கடையில் வாங்கிய அரிசி மூட்டையை வீட்டில் திரும்ப நிறுக்கிற ஆள் நான். "வந்து பாக்கிறன், பாத்திட்டுச் சொல்லுறன்" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வரை இணையத்தில் கிடந்து படித்தேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு முதல் பாடம்: விற்பனைப் பக்கங்களில் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். மூவாயிரம் கேட்டு மூன்று வருடமாக நிற்கிற சிலைகள் ஏராளம். நான் பார்த்த அளவில், பயணிகளுக்கென்று செய்து இறக்குமதியாகும் சின்னச் சிலை 25 முதல் 50 டொலருக்குப் போகிறது. மூன்று அடி உயரம், செதுக்கியவர் யாரென்று தெரியாது என்றால் 100 முதல் 200. பெயர் பெற்ற சிற்பியின் கையொப்பம் இருந்தால், அல்லது இன்ன உணவகத்தில் நின்றது என்று பழைய புகைப்படம் இருந்தால் மட்டுமே நாலு இலக்கம். கதைக்கு விலை கிடையாது, காகிதத்துக்குத்தான் விலை.

சனிக்கிழமை காலை 9:10க்கு கிருபன் தன் வான் வண்டியோடு வந்தான். ஸ்திரி போட்ட சேர்ட், சவரம் செய்த முகம். சிலை தூக்கப் போகிறவன் ஏன் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி வருகிறான்? இதையும் மனதில் குறித்துக்கொண்டேன். என் பையில் அளவு நாடா, ரோர்ச், உருப்பெருக்கிக் கண்ணாடி, கயிறு, ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கிற கைத்தராசு எல்லாம் இருந்தன. கையில் 480 டொலர் காசு, நாலு இடத்தில் பிரித்து வைத்திருந்தேன்.

வழியில் இரண்டு கோப்பியும் இரண்டு மஃபினும் 9 டொலர் 35 சதம், நான் கொடுத்தேன். பெற்றோல் 40 டொலருக்கு அவன் அடித்தான். நெடுஞ்சாலை 401 கிழக்கு, 36 கிலோமீட்டர், 34 நிமிடம். வழக்கமாக வானுக்குள் ஏறினால் வாய் ஓயாதவன் அன்று வானொலியைக்கூடப் போடவில்லை. ஒஷாவாவில் இறங்கியதும் தொலைபேசி நேரே போகச் சொன்னது. இவன் அதைக் கணக்கெடுக்காமல் ஒரு ஒடுங்கிய தெருவுக்குள் திரும்பி, ஒரு ரயில் பாதையைக் கடந்து, நேரே கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான்.

"உனக்கு உந்த றோட்டெல்லாம் என்னெண்டு தெரியும்?" என்று கேட்டேன்.

"போன கிழமை வந்து பாத்தனான் எல்லே."

ஒருமுறை வந்தவன் பிரதான வீதியைத்தான் தெரிந்து வைத்திருப்பான், குறுக்கு வழியை அல்ல. கடைக்காரியும் இவனும் கூட்டுச் சேர்ந்து என் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறார்கள் என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டிவிட்டேன்.

பழைய களஞ்சியம் ஒன்றைக் கடையாக்கியிருந்தார்கள். நடத்துகிறவர் டோனா என்ற பெண்மணி, எழுபது வயதிருக்கும், கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். டீக்கிகள் மூன்றும் பின் சுவரோடு நின்றன: இரண்டு மூன்றடி, நடுவில் நின்றது நாலடி இரண்டு அங்குலம். ஹொனலூலுவில் ஒரு ஹோட்டலில் நின்றவை, அறுபதுகளில் செதுக்கியவை என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். வீடு காலி செய்து சாமான் கொண்டுவந்தவன் சொன்னானாம். காகிதம் இல்லை, படம் இல்லை.

நான் வேலையைத் தொடங்கினேன். முதலில் உளித் தடம். இயந்திரத்தில் செய்தால் வெட்டுகள் ஒரே ஆழத்தில், சீப்பால் வாரியது போல இருக்கும். இவற்றில் ஒரு வெட்டு ஆழம், அடுத்தது மேலோட்டம், சில இடத்தில் உளி வழுக்கியும் இருந்தது. கை வேலைதான், ஆனால் பழகிய கை இல்லை. அடுத்தது வெடிப்பு. மரம் காயும்போது வருகிற வெடிப்புக்குள் ரோர்ச் அடித்தால், புதியதென்றால் வெளிறித் தெரியும். இதில் உள்ளேயும் கறுத்துத் தூசி படிந்திருந்தது. ஆகவே நேற்றுச் செய்ததும் இல்லை.

பிறகு நிறை. சின்னச் சிலைக்குக் கயிறு கட்டிக் கைத்தராசில் மாட்டி, நானும் கிருபனும் தூக்கினோம். 15.6 கிலோ. ஹவாய்ச் சிலைகளுக்குப் பெரும்பாலும் எடுக்கிற மழைமரத்தில் இதே பருமன் என்றால் இருபத்தைந்துக்குக் குறையாது. பின்பக்கத்தை நகத்தால் கொஞ்சம் சுரண்டி மணந்து பார்த்தேன். சீடர் மரத்தின் மணம், எங்கள் அயலவர் வேலி போட்ட அன்று வந்த அதே மணம். கடைசியாக, சுவரோடு பிணைக்கும் தகட்டைப் பூட்டியிருந்த திருகாணிகளைப் பார்த்தேன். தலையில் சதுரத் துளை. கனடாவில் எந்தத் தச்சனின் பெட்டியைத் திறந்தாலும் இருக்கிற ஆணி, ஹொனலூலு ஹோட்டலுக்கு எதற்குப் போகிறது?

அடிப்பக்கம் மட்டும் பார்க்கவில்லை. நடுச்சிலையைச் சரிக்கப் போனேன்.

"அதை விடு மச்சான், பாரம். அடியில என்னத்தப் பாக்கப் போறாய்?" என்றான் கிருபன். சொன்னதும் இல்லாமல் கையையும் குறுக்கே வைத்தான்.

இதற்குப் பிறகு பார்க்காமல் விடுவேனா? அவன் கையைத் தட்டிவிட்டுச் சிலையைச் சரித்து, நிலத்தில் படுத்து ரோர்ச் அடித்தேன். தூசியைத் துடைத்ததும் ஒரு குறி தெரிந்தது. சின்னதாக, ஆழமாக வெட்டிய ஒரு பிள்ளையார் சுழி. கீழே இரண்டு கோடு. மற்ற இரண்டையும் சரித்தேன். அவற்றிலும் இருந்தது.

டோனா எட்டிப் பார்த்து, அது தீவுச் சிற்பியின் அடையாளமாக இருக்கலாம் என்றார். கலியாணச் சாமான் பட்டியலுக்கும் கடைச் சிட்டைக்கும் மேலே சுழி போட்டுத் தொடங்குகிற சனத்தில் ஒருவன்தான் இதைச் செய்திருக்க முடியும். கிருபனை வெளியே வரச் சொன்னேன். நேரம் 10:50, ஏரிப் பக்கமிருந்து காற்றுக் குளிராக வந்தது.

"உனக்கு முதலே தெரியும், என்ன? உது ஹவாயும் இல்லை ஒரு மண்ணும் இல்லை."

"ஓம், தெரியும்."

"அப்ப ஆர் செய்தது?"

"நான்தான் வெட்டினது," என்றான். "மூண்டையும்."

வந்த முதல் வின்டர், வேலை அனுமதி கிடைக்கும் முன் செய்த வேலையாம். விடிய ஐந்து மணிக்கு ஒருவர் பிக்கப் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு ஒஷாவாவுக்கு வருவாராம். சீடர்க் குற்றியை முதலாளி மரம் அறுக்கிற வாளால் பருமட்டாக வெட்டித் தர, இவன் முகத்தைச் செதுக்குவானாம். பட்டறை இந்தக் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. பின்வளவு அலங்காரச் சாமான் விற்கிற கடைகளுக்குப் போகுமாம்.

"உளியே பிடிச்சறியாதவன் நான். முதல் நாள் எங்க தொடங்கிறது எண்டே தெரியேல்லை. அடியில சுழி போட்டிட்டுத் தொடங்கினன். பிறகு அது பழக்கமாப் போச்சு."

கதை நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் நம்பவில்லை. சுழி இருப்பதைப் போன கிழமை பார்த்துவிட்டு, என் காசைப் பிடுங்க இரவிரவாக யோசித்துக் கட்டிய கதையாகவும் இருக்கலாமே. முகத்தில் தெரிந்துவிட்டது போல.

"நம்பேல்லை, என்ன? சரி, போய்ப் பார். நடுவில நிக்கிறவனுக்கு மேல் பல்லு ஒரு பக்கம் அஞ்சு, மற்றப் பக்கம் நாலு. எண்ணுறதில பிழை விட்டிட்டன்."

"அதைப் போன கிழமை வந்து எண்ணியிருப்பாய்."

"கீழ் வரிசையில மூண்டாம் பல்லு உடைஞ்சது. துண்டைப் பசை வச்சு ஒட்டி, மேல பெயின்ற் அடிச்சனான். கண்ணுக்குத் தெரியாது. நகத்தால தட்டிப் பார்."

உள்ளே போனேன். மேலே ஐந்து, நாலு. கீழே முதலாவது பல்லைத் தட்டினேன், இரண்டாவதைத் தட்டினேன், ஒரே சத்தம். மூன்றாவது பொள்ளலாகச் சத்தம் போட்டது. உருப்பெருக்கியை வைத்து ரோர்ச்சைச் சரித்துப் பிடித்தபோது, பெயின்றுக்குக் கீழே மயிரளவு ஒட்டுக் கோடு ஓடியது.

உருப்பெருக்கியைப் பைக்குள் போட்டேன், ஆனால் உடனே வெளியே போய் அவன் முகத்தைப் பார்க்க விருப்பமில்லை. ஏனென்று வாசகர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். அந்த முதல் வின்டரில் இரண்டு அறை அப்பார்ட்மென்டில் எட்டுப் பேர் இருந்தோம். எல்லோருடைய அகதிக் கோரிக்கையும் விசாரணைக்கு நின்றது. கிருபன் விடிய முன் போவான், இருட்டிய பிறகு வருவான், கண் சிவந்திருக்கும், உடுப்பில் ஏதோ வார்னிஷ் மணம். எங்கே வேலை என்று கேட்டால் சொல்லமாட்டான். இவன் ஏதோ கூடாத வேலை செய்கிறான், பொலிஸ் வந்தால் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மற்ற ஆறு பேருக்கும் ஒவ்வொருவராகச் சொன்னது நான். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனைப் போகச் சொன்னோம். ஒரு பையோடு போனான்.

திரும்ப வெளியே போய், "அப்பவே மரம் வெட்டுறன் எண்டு சொல்லியிருக்கலாமேடா?" என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது, சொன்னால் வேலை இல்லை எண்டவர் முதலாளி. உங்களில ஆராவது காட்டிக் குடுத்திடுவியள் எண்டு எனக்கும் பயம்."

என்னால் வேறொன்றும் செய்ய முடியாததால் விலையையாவது குறைப்போம் என்று டோனாவிடம் போனேன். இவை ஹவாய் இல்லை, சீடர் மரம், திருகாணியைப் பாருங்கள், இதோ நிற்கிறாரே இவர்தான் இரண்டு தெரு தள்ளிச் செதுக்கியவர் என்று ஆங்கிலத்தில் அடுக்கினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக் கிருபனை மேலும் கீழும் பார்த்தார். விலை குறைக்க வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கிறது என்றார். தான் செய்ததைத் தானே ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றும் கேட்டார். நான் முழு உலகத்தையும் பார்க்கிற பார்வையை அந்த மனுசி என்மேல் திருப்பியிருந்தார். எரிச்சலாக இருந்தது. ஒரு சதமும் குறைக்கவில்லை, பிரித்தும் தரமாட்டாராம்.

"விட்டிட்டுப் போவம், கிருபன். மூண்டையும் சேர்த்து நானூற்றைம்பது பெறாது," என்றேன். மதிப்பிட வந்தவன் என்ற முறையில் அது நேர்மையான விலை.

அவன் கார்டை எடுத்து டோனாவிடம் நீட்டினான். 960, பதின்மூன்று வீதம் வரி 124.80, மொத்தம் 1,084 டொலர் 80 சதம். நான் நாலு இடத்திலிருந்தும் காசை எடுத்தேன்.

"பொக்கற்றுக்க வை," என்றான். "இதில உனக்குப் பங்கில்லை."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. பழைய கம்பளியில் சுற்றி மூன்றையும் வானில் ஏற்றிக் கட்ட 35 நிமிடம் பிடித்தது. புறப்படும்போது 12:40. திரும்பும் வழியில் ஒரு தெருவில் வானை மெதுவாக்கி, சாமான் வைக்க வாடகைக்கு விடுகிற தகரக் கொட்டகை வரிசை ஒன்றைக் காட்டினான். பட்டறை நின்ற இடமாம். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

ஏஜாக்ஸ் தாண்டியதும் வாகன நெரிசல். வான் ஊர்ந்துகொண்டிருந்தபோது சொன்னேன். "கிருபன், அண்டைக்கு உன்னைப் போகச் சொல்லோணும் எண்டு முதல் கதைச்சது நான்தான்."

"தெரியும்."

"ஆர் சொன்னது?"

அவன் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தான். "பாத்தியே, இப்பவும் ஆர் சொன்னது எண்டதுதான் உனக்கு வேணும்."

வேறெதையாவது கேட்க வேண்டுமென்று, அந்த எடோபிக்கோக்காரர் எவ்வளவு தருவார் என்று கேட்டேன்.

"அப்பிடி ஒருத்தரும் இல்லை. லாபம் எண்டால்தானே நீ தராசும் கொண்டு சோதிக்க வருவாய். மச்சான், நான் அந்த வின்டர் பொம்மை வெட்டினனான் எண்டு சும்மா சொன்னால் நீ நம்பியிருப்பியோ? கதை விடாத எண்டிருப்பாய். உன்ர கையால தட்டிப் பாத்தால்தான் நம்புவாய். அடியைப் பாக்காத எண்டால்தான் பாப்பாய்."

ஆக, அவன் என்னை ஏமாற்றத்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். என் சந்தேகம் சரிதான். சரியாக வந்த சந்தேகத்தால் சந்தோஷம் வராத முதல் தடவை அது. என்னை 1:45க்கு வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். பெற்றோலுக்குப் பாதி, 20 டொலர் மட்டும் வாங்கிக்கொண்டான்.

போக விரும்புகிறவர்களுக்கு: கார் இல்லாவிட்டால் ரூஜ் ஹில்லில் ரயில் ஏறி ஒஷாவாவில் இறங்கலாம், அங்கிருந்து பஸ். பார்த்து வர அது போதும், நாலடிச் சிலையோடு திரும்பி வர வான் வேண்டும். கைத்தராசு, ரோர்ச், உருப்பெருக்கி மூன்றும் கட்டாயம். எப்படியும் அடியைப் பாருங்கள், திருகாணியைப் பாருங்கள், வெடிப்புக்குள் பாருங்கள். விற்பவர் சொல்லும் ஊரையும் காலத்தையும் காகிதத்தில் கேளுங்கள், இல்லையென்றால் யாரென்று தெரியாத கை வேலைக்குரிய விலையைத் தாண்டாதீர்கள். லாபத்துக்கு வாங்குவதென்றால் இந்த மூன்றையும் நான் வாங்கச் சொல்லியிருக்க மாட்டேன். இன்றைக்கும் அதே மதிப்பீடுதான்.

கிருபன் இந்தப் பக்கத்தை ஒன்றுவிடாமல் வாசிக்கிறவன், எழுத்துப் பிழை கண்டால் உடனே கூப்பிட்டுச் சொல்கிறவன். ஆகவே இதையும் வாசிப்பான். கிருபன், அன்று வானுக்குள் நான் உன்னிடம் ஆர் சொன்னது என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியது அதுவல்ல. அந்த மாசி மாதம் ஒரு பிழையும் செய்யாத உன்னை ஒரு பையோடு பனிக்குள் இறக்கியது என் வாய்தான். மன்னித்துக்கொள்ளடா.